சுகுணா டீச்சர் அறம் பாடிய கதை

பட்டிமன்றத்தில் பேசுகிறவர்களுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. எந்த அணியில் உட்காரச் சொல்கிறார்களோ, அதுதான் அன்றைக்கு அவர்களுடைய கொள்கை. கோவில்பட்டி சுகுணா டீச்சர் விளாத்திகுளத்துக் கோயில் கொடை விழாவில் ‘குடும்பத்தைத் தாங்குவது மாமியாரே’ என்று பேசிக் கூட்டத்தை அழவைத்துவிட்டு, மறுவாரமே புதூரில் ‘மருமகளே’ என்று பேசி அதே அழுகையை வாங்கிக்கொண்டு வருவாள். இதில் பொய் என்று எதுவும் கிடையாது என்பது அவள் கட்சி. தொழில் அப்படி.

இன்னொரு வழக்கமும் உண்டு. விழா நடத்துகிற பெரிய மனிதரை மேடையிலிருந்து கிண்டலடித்து நன்றாக வாரிவிட வேண்டும். அவருடைய தொப்பை, கஞ்சத்தனம், வீட்டில் பெண்டாட்டிக்குப் பயப்படுவது, எதை வேண்டுமானாலும் இழுக்கலாம். அவர் முன்வரிசைச் சோபாவில் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரிப்பார். கடைசியில் அவர் கையாலேயே பொன்னாடை. வாரத் தெரியாத பேச்சாளருக்கு மறுவருஷம் அழைப்பு வராது. கோபித்துக்கொள்கிற பெரிய மனிதரை ஊர் மதிக்காது. பூவனலிங்கம் அண்ணாச்சிக்கு இதெல்லாம் அத்துபடி.

அண்ணாச்சிக்குத் தீப்பெட்டி ஆபீஸ். இந்தப் பக்கத்தில் யாரும் அதைத் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான். ஊரைச் சுற்றி அவருக்குப் பல ஆபீஸ்கள். சுகுணா தமிழ் எடுக்கும் பெண்கள் பள்ளிக்கூடம் அவர் குடும்பத்து அறக்கட்டளைக்குச் சொந்தம். அதற்குச் செகரட்டரியும் அவர், காளியம்மன் கோயில் கொடைக்குத் தலைவரும் அவர். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நீதிபோதனை வகுப்பு நடந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று கொண்டுவந்தவரும் அவர்தான். “பிள்ளையளுக்கு ஒழுக்கம் முக்கியம் டீச்சர். அதைப் புஸ்தகத்துல இருந்துதான எடுக்கணும்? நீங்களே பாத்துக்கிடுங்க” என்று சுகுணாவிடம் ஒப்படைத்தார். அவளுக்கு அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

தொண்ணூற்றேழாம் வருஷம், ஆடி பிறந்த கையோடு காற்றும் பிறந்தது. கரிசல் புழுதி கண்ணைத் திறக்க விடவில்லை. எட்டயபுரம் ரோட்டில் இருந்த அண்ணாச்சியின் ஆபீஸில் மத்தியானம் தீப்பிடித்தபோது, சுகுணா எதிரே பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். பக்கத்து ஊரில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழி. முன்வாசல் வழியாகப் பெண்கள் அலறிக்கொண்டு வெளியே விழுந்தார்கள். கட்டிடத்துக்குப் பின்னால் யாரோ எதையோ அடிக்கிற சத்தம் கேட்டது. சுகுணா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினாள்.

பின்கதவில் வெளியே பூட்டு தொங்கியது. வாட்ச்மேன் தவசி ஒரு கல்லை வைத்து அதை அடித்துக்கொண்டிருந்தான்.

“சாவி எங்கல?”

“மொதலாளி வீட்ல டீச்சர்! பொம்பளையள் இந்த வழியா நேரங்காலம் இல்லாம வெளிய போறாளுவன்னு பூட்டச் சொல்லிட்டாவ. சித்திரையில இருந்தே பூட்டுதான்.”

சுகுணா அவனைத் தள்ளிவிட்டு, இழுத்தால் கழன்று வந்துவிடும் என்பதுபோலப் பூட்டை வலது கையால் பிடித்து இழுத்தாள். உள்ளங்கைத் தோல் இரும்போடு போனது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் “அம்மா, அம்மா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கூப்பிடவில்லை. அது சண்முகக்கனி என்று சாயங்காலம் தெரிந்தது. சுகுணாவிடம் பத்தாவது வரை படித்தவள். நீதிபோதனை வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, கதை முடிந்த பிறகும் வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆஸ்பத்திரி வாசலில் சண்முகக்கனியின் அம்மா பாலம்மாளைக் கட்டிக்கொண்டு சுகுணா ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். “வெளிய பூட்டிருந்துச்சு பாலம்மா.” அந்த நேரத்து வேகத்தில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

இருட்டுவதற்குள் பூட்டு காணாமல் போயிற்று. அடுத்த வாரம் பின்கதவு இருந்த இடத்தில் செங்கல் வைத்துப் பூசி, சுண்ணாம்பும் அடித்துவிட்டார்கள். தவசிக்குத் திருப்பூரில் அண்ணாச்சியின் சொந்தக்காரர் கம்பெனியில் வேலை கிடைத்தது. டீக்கடைகளில் ஒரு பேச்சு கிளம்பியது. மருந்து முக்கிய தீக்குச்சிகளை அடுக்கின மரக்கட்டையைத் தூக்கி வைக்காமல் தரையில் தரதரவென்று இழுத்தாளாம் சண்முகக்கனி, அதில்தான் பொறி கிளம்பியதாம். எவனோ மாப்பிள்ளை பெண் பார்த்துவிட்டுப் போன நினைப்பில் இருந்தாளாம். செத்தவள் வந்து இல்லையென்று சொல்லவா போகிறாள்? உள்ளே வேலை பார்த்த பெண்கள் எல்லாரும் மறுபடி அதே அண்ணாச்சியின் வேறு ஆபீஸுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது, அடுப்பு எரிய வேண்டுமே.

அடுப்புக்கு அவ்வளவு கஷ்டம் இல்லாத சுகுணாவும்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாள். கையில் போட்டிருந்த துணிக்கட்டைப் பார்த்து ஹெட்மிஸ்ட்ரஸ் ஜானகியம்மாள், “என்ன டீச்சர் இது?” என்று கேட்டபோது, “தோசைக்கல்லு சுட்டுருச்சு டீச்சர்” என்றாள். கேட்ட மாத்திரத்தில் அவ்வளவு சரளமாகப் பொய் வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். அன்று வெள்ளிக்கிழமை. கடைசி பீரியடில் வாய்மையைப் பற்றிப் பாடம் நடத்தினாள். நன்றாகத்தான் நடத்தினாள்.

ஆடி முடியப்போகும் நேரத்தில் பாலம்மாள் வீடு தேடி வந்தாள். மேய்க்கிற ஆட்டை யாரிடமோ விட்டுவிட்டு, எட்டயபுரத்துக்கு அந்தப் பக்கமிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“வெள்ளிக்கெழம விசாரணையாம் டீச்சர். வெளியூரு அதிகாரி வாராவளாம். எம்புள்ளதான் தீய வச்சான்னு எழுதி முடிக்கப் போறாவன்னு சொல்லுதாவ. நீங்க வந்து பூட்டு கெடந்ததை ஒரு வார்த்தை சொல்லிருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவ பேரு கெடக்கூடாது. எம்புள்ள யாரையும் கொளுத்துததுக்குப் பொறக்கல.”

சுகுணா சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். செகரட்டரியின் அறையும், போய்விடக்கூடிய வேலையும், தன்னந்தனியாக நிற்கும் தானும் கண்ணுக்குள் வந்து போயின. விசாரணை என்றால் மூடிய அறை, வக்கீல், அதிகாரி. அப்படிப்பட்ட இடத்தில் பேசி அவளுக்குப் பழக்கம் இல்லை. பழக்கப்பட்ட இடம் ஒன்று இருக்கிறதே என்று அப்போதுதான் தோன்றியது.

“புதன்கெழம கொடையில பட்டிமன்றம் இருக்கு பாலம்மா. அதிகாரிக்கும் அழைப்பு போயிருக்கு, முன்வரிசையிலதான் இருப்பாவ. ஊரே இருக்கும். நான் அங்கன வச்சே சொல்லுதேன். நீயும் வந்து கேளு.”

“மேடையிலயா?”

“ஆமா. ஊரறியச் சொல்லிட்டா அப்புறம் யாரும் மூடி மறைக்க முடியாதுல்லா?”

பாலம்மாளுக்கு அது சரியா தப்பா என்று தெரியவில்லை. படித்தவள் சொல்கிறாள் என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

பட்டிமன்றத் தலைப்பு தலைவர் அண்ணாச்சியே தேர்ந்தெடுத்தது: ‘காலந்தோறும் மக்களுக்கு அறத்தைப் புகட்டியவை பெரிதும் நீதிப் பாடல்களே! கதைகளே!’ சுகுணா கதை அணி. இரண்டு நாளாக அவள் தூங்கவில்லை. படித்ததையெல்லாம் மனசுக்குள் புரட்டினாள். சங்கத்துப் புலவன் ராஜாவின் முகத்துக்கு நேரே வரியைக் குறை என்றான். காப்பியத்தில் ஒரு சாதாரணப் பெண்பிள்ளை சபையேறி நியாயம் கேட்டாள். வில்லுப்பாட்டில் அநியாயமாகக் கொன்றவன் வம்சத்தைச் செத்தவனே தெய்வமாக வந்து அழித்தான். புலவர்கள் வயிறெரிந்து அறம் பாடினால் பாடப்பட்டவன் அந்த இடத்திலேயே வெந்து சாவான் என்று அவள் காலேஜில் படித்திருக்கிறாள். அதை அவள் அப்படியே நம்பினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு நாளும் அப்படித்தான் நம்பினாள். நாமும் ஒரு அறம் பாடத்தான் போகிறோம் என்று அவளுக்கு உடம்பெல்லாம் சூடேறியது.

ஒன்று மட்டும் அவளுக்கு உறைக்கவே இல்லை. ராஜாவுக்குப் புத்தி சொன்ன புலவன் பாடி முடித்ததும் யார் கையில் பரிசு வாங்கினான்? அந்த ராஜா கையில்தானே? முன்வரிசையில் சாய்ந்து உட்கார்ந்து, “பலே, நன்றாகச் சொன்னாய்” என்று ரசித்துக் கேட்டவனும் அவன்தானே? பாடம் நடத்தி நடத்திப் பழகின புத்திக்கு இது எங்கே தெரியப்போகிறது!

புதன்கிழமை சாயங்காலம் பந்தல் நிறைந்து ரோடு வரைக்கும் ஜனம் நின்றது. முன்வரிசையில் பூவனலிங்கம், பக்கத்தில் விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி. நடுவர் பேராசிரியர் ஹரிகிருஷ்ணன் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார். பெண்கள் பக்கத்தில், கடைசியில், மூங்கில் காலைப் பிடித்துக்கொண்டு பாலம்மாள் நிற்பதைச் சுகுணா மேடையிலிருந்தே பார்த்துவிட்டாள்.

அவள் முறை வந்ததும் மைக்கைப் பிடித்தாள். பாடல் சொன்னால் மனப்பாடம் ஆகும், கதை சொன்னால் மனசு ஆகும் என்று ஆரம்பித்துக் கைதட்டலை வாங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “பழைய ஏடு ஒண்ணுல ஒரு கதை வருது நடுவர் அவர்களே” என்றாள். எந்த ஏட்டிலும் அப்படி ஒரு கதை இல்லை. அதற்கு முன்னால் சான்று இல்லாமல் ஒரு வரிகூட மேடையில் சொல்லாதவள், அன்றைக்கு முழுசாக ஒரு கதையைக் கட்டியிருந்தாள்.

ஒரு ராஜா. அவனுக்குப் பருத்தி அடைத்துவைக்கும் கிட்டங்கி ஒன்று. நூறு பெண்கள் உள்ளே உட்கார்ந்து பஞ்சு எடுக்கிறார்கள். ஒருத்தியும் மடியில் ஒரு கொட்டைப் பஞ்சைக்கூட வீட்டுக்குக் கொண்டு போய்விடக் கூடாதென்று பின்கதவை வெளியே பூட்டச் சொல்கிறான். ஒருநாள் தீ. ஒரு பெண் கதவண்டை வெந்து சாகிறாள். மந்திரிகள் ஓடி வந்து, ராஜாவே, செத்தவள்தான் விளக்கைத் தட்டிவிட்டாள் என்கிறார்கள். ராஜா சொல்கிறான்: தீ எங்கேயிருந்தும் வரும். இடி விழுந்தும் வரும். நான் கேட்பது தீ வைத்தது யார் என்று இல்லை. பூட்டியது யார்?

சுகுணாவின் குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் நிஜம்.

“அந்த ராஜா சாவியத் தன் கழுத்துல கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு, செத்துப் போன பொண்ணோட அம்மா வீட்டு வாசல்ல போயி நின்னான் நடுவர் அவர்களே! பூட்டினது நாந்தான் தாயின்னு சொல்லி மண்ணுல விழுந்தான்! கதைதான் அவனை அங்கன கொண்டு போயி நிறுத்துச்சு, பாட்டு இல்ல!”

புண் ஆறிக்கொண்டிருந்த வலது கையை நீட்டி முன்வரிசையைக் காட்டினாள். சொல்ல வேண்டிய இடம் அதுதான். எட்டயபுரம் ரோடு, பின்கதவு, பூட்டு, நான் பார்த்தேன். இத்தனைதான் சொல்ல வேண்டும். வாய் திறந்தபோது பழக்கம் முந்திக்கொண்டது.

“இந்தா, நம்ம தலைவர் அவியளும் கழுத்துல வடம் மாதிரி ஒரு செயின் போட்டிருக்காவ. அதுல சாவி ஏதும் தொங்குதான்னு கொஞ்சம் வெளிய எடுத்துக் காட்டச் சொல்லுங்க!”

பந்தலே பிய்ந்து போகிறாற்போல் சிரிப்பு. விசில். இதைவிட அழகாக ஒரு தலைவரை யார் வாரியிருக்கிறார்கள்! பூவனலிங்கம் ஒரு நொடி அசையாமல் இருந்தார். அதைச் சுகுணா பார்த்தாள். அடுத்த நொடி அவர் எழுந்து, சட்டைக்குள்ளிருந்து சங்கிலியை வெளியே இழுத்து, ஜனங்கள் பக்கம் திரும்பித் தூக்கிக் காட்டினார். “சாவி இல்லம்மா! காளியாத்தா டாலர்தான்!” என்றார். கூட்டம் குலவை போட்டது. அதிகாரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக் கைதட்டினார்.

“டீச்சர் கைவைக்காத எடமே இல்லப்பா! அடுத்த வருஷம் சாவியோட வாங்க தலைவரே!” என்றார் நடுவர். கடைசியில் பாடல் விதை, கதை மழை, இரண்டும் வேண்டும் என்று வழக்கமான தீர்ப்பையும் சொன்னார். பூவனலிங்கம் மேடையேறிச் சுகுணாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். போர்த்தும்போது காதோரம், “வெளுத்து வாங்கிட்டிய டீச்சர். மேடையோட வச்சுக்கிடுங்க” என்று அன்பாகச் சொன்னார்.

கீழே இறங்கியதும் அவள் பாலம்மாளைத் தேடிப் போனாள். பாலம்மாள் மூங்கில் காலை விடாமல் நின்றிருந்தாள்.

“எப்பம் சொல்லுவிய டீச்சர்?”

“சொல்லிட்டேனே பாலம்மா. பூட்டினது யாருன்னு கேட்டேன்ல? அந்த ராஜா, கிட்டங்கி, எல்லாம் நம்ம கதைதான். எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும்.”

“புரிஞ்சா சிரிப்பாவளா?”

சுகுணா தோளில் கிடந்த பொன்னாடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் சுருட்டிக்கொண்டாள்.

“அந்த ராஜா அம்மாக்காரி வீட்டுக்குப் போனாம்னு சொன்னிய. எங்க வீட்டுக்கு ஒருத்தரும் வரல” என்று சொல்லிவிட்டுப் பாலம்மாள் பஸ்ஸுக்கு நடந்தாள்.

அந்த வார்த்தை சுகுணாவைப் போட்டு அறுத்தது. வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டு, விசாரணை நடந்த பயணியர் விடுதிக்குப் போனாள். அந்த மட்டில் அவளைப் பாராட்டத்தான் வேண்டும். பெரிய அறை. அதிகாரி, அண்ணாச்சியின் வக்கீல், செத்தவளின் வயதுச் சான்றோடு பள்ளிக்கூடத்துச் சார்பில் ஜானகியம்மாள், சுவரோரம் பாலம்மாள். சுகுணா ராஜாவையும் கூப்பிடவில்லை, நடுவர் அவர்களே என்றும் சொல்லவில்லை. “எட்டயபுரம் ரோட்டு ஆபீஸ்ல பின்கதவு வெளியே பூட்டியிருந்தது. நான் பார்த்தேன், சார்” என்று நேராகச் சொன்னாள்.

அதிகாரி அவளை அடையாளம் கண்டு மலர்ந்தார். “அட, நீங்களா மேடம்! அன்னைக்குப் பிரமாதம். அந்தப் பருத்திக் கிட்டங்கிக் கதை எந்த நூல்ல வருது?”

“அது... எந்த நூல்லயும் இல்ல சார். நானாக் கட்டினது.”

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பழைய ஏட்டில் வருதுன்னு மேடையில சொன்னீங்களே?”

“சொன்னேன்.”

“அப்போ அது பொய். சரி, விபத்து நடந்து இத்தனை நாளா இந்தப் பூட்டு சமாச்சாரத்தை யாரிடமாவது சொன்னீங்களா? போலீஸ்ல?”

“ஆஸ்பத்திரியில இந்த அம்மாகிட்டச் சொன்னேன்.”

“பெத்தவங்க ஆமான்னுதான் சொல்வாங்க. வேற யாரிடமும்?”

“இல்ல.”

“முதல்ல கதையில பூட்டு வந்துது. அதுக்குப் பிறகுதான் நிஜத்தில வருது. அப்படித்தானே?”

சுகுணா வலது கையை விரித்துக் காட்டினாள். “இது அந்தப் பூட்டுல சுட்டது சார்.”

அதிகாரி ஜானகியம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் பொய் சொல்லத் தெரியாதவள். சங்கடப்பட்டுக்கொண்டே, “எங்கிட்ட தோசைக்கல்லுன்னு சொன்னாவ சார்” என்றாள்.

யாரும் அதட்டவில்லை, மிரட்டவில்லை. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். மேடத்துக்கு நல்ல கற்பனை வளம், இறந்த மாணவி மேல் பாசம், அது இயல்புதான் என்றார். அதையே அறிக்கையில் எழுதிக்கொள்ளவும் சொன்னார். வெளியே வேப்பமரத்தடியில் பாலம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் சுகுணா தாங்கியிருப்பாள்.

“எம்புள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்து சொல்லும் டீச்சர். எங்க சுகுணா டீச்சர் கதை சொன்னா நெசம் மாதிரியே இருக்கும்மான்னு. இன்னைக்கு நெசத்தைச் சொன்னிய. கதை மாதிரியே இருந்துச்சு.”

திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனை. அந்தப் பள்ளிக்கூடத்தில் வாழ்த்துப் பாட்டு முடிந்ததும் செய்தி வாசிப்பார்கள், அடுத்து ஒரு பிள்ளை இன்றைய நீதிக்கதை சொல்லும், எல்லாரும் கைதட்டுவார்கள், பிறகு கலைவார்கள். அன்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரட்டைச் சடையோடு மைக் முன் வந்து நின்றாள். செகரட்டரி சாரே விரும்பி எழுதிக் கொடுத்த கதை என்று ஜானகியம்மாள் அறிவித்தாள்.

“ஒரு ஊரில் ஒரு நல்ல ராஜா இருந்தார். அவருக்கு ஒரு பருத்திக் கிட்டங்கி இருந்தது. அங்கே நூறு பெண்களுக்கு அவர் வேலை கொடுத்து வாழவைத்தார். அதில் ஒருத்தி மட்டும் சொல்பேச்சு கேட்காதவள்...”

பிள்ளை நிறுத்தி நிறுத்தி, நல்ல உச்சரிப்பில் சொன்னாள். உச்சரிப்பு சுகுணா சொல்லிக் கொடுத்தது. சொல்பேச்சு கேட்காதவள் விளையாட்டாக விளக்கைத் தட்டிவிட்டாள், தானும் அழிந்து கிட்டங்கியையும் அழித்தாள். நல்ல ராஜா அவளையும் மன்னித்து, அவள் அம்மாவுக்கு ஒரு பசுமாடு கொடுத்தார். கதையில் கதவு இருந்தது. பூட்டு இல்லை.

“இக்கதையின் நீதி: பெரியோர் சொல் கேட்டு, கவனமாக வேலை செய்ய வேண்டும்.”

மைதானம் முழுக்கக் கைதட்டியது. ஆசிரியைகள் வரிசையும் தட்டியது. சுகுணா தலையைக் குனிந்தபடி நின்றாள். பக்கத்தில் நின்ற டீச்சர் முழங்கையால் இடித்து, “ஒங்க கதைதான டீச்சர், கை தட்டுங்க” என்றாள். சுகுணா தட்டினாள். உள்ளங்கையில் புதுத்தோல் மூடியிருந்தது. வலிக்கவே இல்லை.